எம்மேல எழுதிக்குங்க

அவர் பெயரை எழுதப் போவதில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தப் பெயர் ஏற்கெனவே தேவைக்கு மேல் எழுதப்பட்டுவிட்டது. கோவையின் வடமேற்கு விளிம்பில், எங்கள் பகுதிக்குக் கட்டட வேலைக்கு வந்துபோன எல்லோருக்கும் அவர் சைட்டண்ணன். சிறிய கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மேற்பார்வையாளராக இருந்தார். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை பிரித்துக் கொடுப்பது, செங்கல் லோடு வந்தால் நின்று இறக்குவது, வீட்டுக்காரர் கோபப்பட்டால் எதிரே போய் நிற்பது, இவைதான் அவர் வேலை. மூன்றாவதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார்.

மெலிந்த ஆள். எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. சிமெண்டோடு புழங்குகிறவர் வெள்ளை உடுத்துவது எனக்கு வேடிக்கையாக இருக்கும். பேசும்போது வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்துத் தட்டுவார். சாயங்காலம் ஆக ஆக அந்த இடத்தில் ஐந்து விரலும் தெரிய ஒரு சாம்பல் நிறக் கை பதிந்துவிடும். மறுநாள் வேறு சட்டை போட்டு வருவார். சாயங்காலம் அதே கை அதே இடத்தில் இருக்கும். நெஞ்சில் தட்டிவிட்டு அவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். “எம்மேல எழுதிக்குங்க.”

எனக்கு நாள், கிழமை மறப்பதில்லை. தெருவில் எந்த வீடு எந்த மாதம் பால் காய்ச்சியது, எந்தக் கோடையில் எந்தக் கிணறு வற்றியது என்றெல்லாம் நினைவில் வைத்திருப்பேன். நண்பர்கள் என்னைப் பஞ்சாங்கம் என்று கேலி செய்வதுண்டு. சைட்டண்ணனை நினைத்தாலும் முதலில் வருவது நாட்கள்தான். என் வீட்டுக்கு வாசக்கால் வைத்தது ஒரு வைகாசி வளர்பிறைப் பஞ்சமி. அதற்கு அடுத்த வாரம் சமையலறை ஜன்னல் சட்டத்தை வைத்தார்கள். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது அது ஒரு செங்கல் உயரம் தாழ்ந்திருந்தது. மேடை கட்டினால் ஜன்னலின் அடிப்பகுதி மேடைக்குள் போய்விடும். கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டே திரும்பாமல் நின்றார். அதற்குள் எங்கிருந்தோ சைட்டண்ணன் வந்துவிட்டார்.

“சார், அது எந்தப்புங்க. நாந்தான் அளவு சொன்னது. அவரை ஒண்ணுஞ் சொல்லாதீங்க, எம்மேல எழுதிக்குங்க.”

கோபம் ஒரு இடம் தேடித்தான் வரும். அந்த இடத்தில் இப்படி ஒருவர் சிரித்த முகத்துடன் நின்றுகொண்டால் அதற்குப் போக வழியில்லை. நான் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டேன். மறுநாளே சட்டத்தைப் பெயர்த்துச் சரியாக வைத்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஜன்னல் வைத்த அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை. காரமடையில் தங்கை மகளுக்குக் காதுகுத்து என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போயிருந்தார். கேட்டேன். அவர் சிரித்தார்.

“நான் இருந்திருந்தா சரியா வெச்சிருப்பாங்களுங்களே. இல்லாமப் போனது எந்தப்புத்தானுங்க.”

 அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம், இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனிதர் இருக்கிறார் என்று சொன்னேன். அந்த ஜன்னல் எப்படித் தாழ்ந்தது, அளவு சொன்னது உண்மையில் யார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் ஏற்றுக்கொண்ட பிறகு கேட்கத் தோன்றவில்லை.

அவருடைய இந்தக் குணம் கட்டடத்தோடு நிற்கவில்லை. பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் போயிருந்தோம். பந்தியில் ரசத்துக்கு இரண்டு முறை உப்பு விழுந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து நின்று பெண்ணின் அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்தார். சைட்டண்ணன் கையலம்பாமலே எழுந்து போனார். “ஏனுங்க மாமா, அடுப்படிப் பக்கம் சும்மா போனவன் நாந்தானுங்க உப்பைப் போட்டுப்போட்டேன்” என்றார். பந்தியே சிரித்தது. தாய்மாமனும் உட்கார்ந்துவிட்டார். பெண்ணின் அப்பா சைட்டண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பின்கட்டில் சமையல்காரர் மட்டும், உப்பு ஜாடி எங்கிருக்கிறது என்றுகூட அண்ணனுக்குத் தெரியாதே என்று உதவியாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதே சமையல்காரரை ஆவணியில் இன்னொரு கல்யாணத்தில் பார்த்தேன். அங்கேயும் ரசத்துக்கு இரண்டு முறை உப்பு விழுந்திருந்தது.

கொத்தனார்களிடையே இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. கரண்ட் போனால் அண்ணன் மேல் எழுதிக்கலாம் என்பார்கள். மழை வந்தால், பஸ் தவறினால், டீயில் சர்க்கரை குறைந்தால் எல்லாம் அண்ணன் கணக்குத்தான். அவரும் நெஞ்சைத் தட்டிக்கொண்டு சிரிப்பார்.

ஒருமுறை ஏன் இப்படி என்று கேட்டேன்.  சின்ன வயதில் கலவை சுமந்துகொண்டிருந்தபோது, வேறு யாரோ செய்த தவறுக்கு மேஸ்திரி தன்னை நாள் முழுக்க வெயிலில் நிற்க வைத்ததைச் சொன்னார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது மற்றவர்கள் மேஸ்திரிக்குப் பயந்து தலையைத் திருப்பிக்கொண்டார்களாம். “எனக்குக் கீழ வேலை பாக்கற ஆரையும் அப்படி நிக்க உடமாட்டனுங்க” என்றார். நான் அவரைப் பற்றி உயர்வாக நினைத்ததில் தவறில்லை என்று இப்போதும் தோன்றுகிறது. ஆனால் அந்த உயர்வின் கீழே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதை நான் மஞ்சள் தொப்பிகளில்தான் முதலில் பார்த்தேன்.

தலைக்கவசம் போட வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் ஒரு மூட்டை வாங்கிக் கொடுத்திருந்தார். அவை ஆணியில் வரிசையாகத் தொங்கும். ஒன்றில் வெங்காயம் இருக்கும், ஒன்றில் யாராவது செல்போனைச் சார்ஜுக்குப் போட்டு வைத்திருப்பார்கள். சைட்டண்ணன் தினமும் சொல்வார், “சித்த போட்டுக்குங்க சாமி” என்று. வேர்க்குதுங்கண்ணா என்பார்கள். ஒப்பந்தக்காரரின் பொறியாளர் வந்து சத்தம் போட்டால் சைட்டண்ணன் முன்னால் போய், வெயில் என்று தானே கழற்றச் சொன்னதாகச் சொல்லிவிடுவார். பொறியாளரும் இளைஞர், பண்பானவர். முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார். தொப்பி ஆணியிலேயே இருக்கும். திட்டு வாங்குவதற்கு ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த இடத்தில் யாருக்கு வேர்க்க வேண்டும்?

எங்கள் தெருக் கோடியில் ஒரு பட்டறைக்காரர் வீடு கட்டினார். அங்கேயும் சைட்டண்ணன்தான் மேற்பார்வை. விவசாயக் குடும்பம், இப்போது மில் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்து நன்றாக வந்தவர். கெட்ட மனிதர் இல்லை. வீட்டின் முன்னால் இரண்டு கார் நிற்கும் அகலத்துக்கு, நடுவில் தூண் இல்லாமல் ஒரு போர்டிகோ வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆடியில் போட வேண்டிய போர்டிகோ தளம் தள்ளித் தள்ளிப் போயிற்று. ஐப்பசி முழுக்க மழை. கார்த்திகை பிறந்த பிறகுதான் கான்கிரீட் போட்டார்கள். புதுத் தளம் தன் பலத்தில் நிற்க நாளாகும். அதுவரை கீழே முட்டுக் கொடுத்து வைப்பார்கள். அந்தப் போர்டிகோவின் அடியில் சவுக்கு முட்டுகள் ஒரு தோப்பு மாதிரி நெருக்கமாக நின்றன. அவ்வளவு அகலத் தளத்துக்கு, மழை ஈரத்தில், அவை மாதக்கணக்கில் நிற்க வேண்டும்.

ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் தை வரை முகூர்த்தம் இல்லை. கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. தளம் போட்டு இரண்டு வாரம்கூட ஆகாது. இருந்தும் அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. முட்டுகள் அப்படியே நிற்க, பின்வாசல் வழியாகப் போய்ப் பால் காய்ச்சியிருக்கலாம். இடையில் வந்தது மாடு.

எங்கள் பக்கம் புது வீட்டுக்குள் முதலில் மாடும் கன்றும் போக வேண்டும். தலைவாசல் வழியாகத்தான் போக வேண்டும். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு, மாடு கொண்டுவர ஒப்புக்கொண்ட அடுத்த தெருப் பால்காரர் வந்து போர்டிகோவைப் பார்த்தார். “இதுக்குள்ள வராதுங்க. கொம்பு முட்டுல பட்டுச்சுன்னா மிரண்டு போயிரும்” என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். நான் வாசலில் நின்று கேட்டேன்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில், போர்டிகோவின் நடுவில் ஒரு மாடும் அதன் கன்றும் நடந்து போகும் அகலத்துக்கு முட்டுகள் இல்லை. எடுத்தவை காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. தளத்தின் மேலே மொட்டை மாடிக்கு வாங்கிய தரை ஓடுகள் பெட்டி பெட்டியாக இருந்தன. நடுவில்தான் அடுக்கியிருந்தார்கள்.

அன்று மத்தியானம் போர்டிகோவின் பக்கச் சுவரில் விட்டுப்போன பூச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார் ஒரு பூச்சு வேலைக்காரர். சத்தியமங்கலம் பக்கத்து ஆள். அவர் மனைவி அதே இடத்தில் சித்தாள். கலவைக்குத் தண்ணீர் எடுக்க அந்தப் பெண் எங்கள் வீட்டுக் குழாய்க்குத்தான் வருவாள். குடம் பாதி நிறைந்திருந்தது. நான் பக்கத்தில் செடிக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை. லாரியில் இருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சரசரப்பு, பிறகு தரை ஒருமுறை அதிர்ந்தது. அந்தப் பெண் கோடியைப் பார்த்தாள். குழாயை மூடினாள். குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகுதான் ஓடினாள்.

அவள் கணவரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

தாழ்ப்பாள் வாங்கக் கடைக்குப் போயிருந்த சைட்டண்ணன் மொபெட்டில் வந்து இறங்கினார். வண்டியை நிறுத்தக்கூட இல்லை. அது பக்கவாட்டில் சாய்ந்து சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. போலீஸ் வந்தது. இங்கே பொறுப்பு யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டு முடிப்பதற்குள் அவர் முன்னால் போய் நின்றார். உள்ளங்கை நெஞ்சுக்குப் போனது.

“நாந்தானுங்க சார். முட்டு எடுக்கச் சொன்னது நாந்தான். எம்மேல எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் விடிகாலை, சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததால், பால்காரர் மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். கொம்புக்கு மஞ்சள், நெற்றியில் குங்குமம். போலீஸ் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று இடிபாட்டைப் பார்த்தார். நடந்தது தெரியாமல் என்னிடம், பின்பக்கமாகக் கூட்டிப் போகலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

சைட்டண்ணன் சில வாரம் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தார். பட்டறைக்காரர் வக்கீல் வைத்துக் கொடுத்தார். பொறியாளர் அவர் வீட்டுக்கு அரிசி மூட்டை அனுப்பினார். சென்ட்ரிங் மேஸ்திரி, அதாவது முட்டும் பலகையும் அடிக்கிற குழுவின் தலைவர், டீக்கடையில் கண் கலங்கி, தெய்வம் மாதிரி மனுஷன் என்றார். எல்லோருக்கும் அவர் மேல் உண்மையான அன்பு இருந்தது. எல்லோருக்கும் மூச்சும் வந்தது.

எனக்கு நாள் கணக்கு இடித்தது. முட்டு காணாமல்போன அன்று காலை சைட்டண்ணன் இங்கே இல்லை. விருந்துக்குத் தேங்காயும் வாழைமரமும் எடுக்கப் பொள்ளாச்சி போயிருந்தார். விடிவதற்கு முன் அவர் மினிவேனில் ஏறியதை நானே பார்த்தேன். அவர் உச்சி வெயிலில் திரும்பி வந்தபோது முட்டுகள் ஏற்கெனவே சுவரோரம் கிடந்தன. அப்படியானால் எடுக்கச் சொன்னது யார்? விசாரிக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனாலும் போய்க் கேட்டேன், ஒவ்வொருவராக.

மாடு எப்படி வரும் என்று பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டதாகப் பட்டறைக்காரர் சொன்னார். எடுக்கச் சொல்லவில்லை. பார்த்துச் செய்துகொள்ளச் சொல்லி மேஸ்திரிக்குப் போன் செய்ததாகப் பொறியாளர் சொன்னார். எடுக்கச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் பிரியப்படுகிறார் என்று தன் ஆட்களிடம் சொன்னதாக மேஸ்திரி சொன்னார். எடுக்கச் சொல்லவில்லை. ஆட்களைக் கேட்டால், அங்கே யாரோ வழி விடுங்கள் என்றார்கள், யார் என்று கவனிக்கவில்லை என்றார்கள். எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் உத்தரவு போட்டு நான் கேட்டதில்லை. எல்லாம் கேள்வியாகத்தான் போகும், மரியாதையாகப் போகும். ஒரு மனிதன் செத்த பிறகு திரும்பிப் பார்த்தால் வழி நெடுகக் கேள்விகள்தான் கிடந்தன.

கல்வெட்டுகள் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். ஏரி வெட்டியவன் பெயர் இருக்கும். உடைந்த ஏரியை அடைத்துக் கொடுத்தவன் பெயரும் இருக்கும். உடைய விட்டவன் பெயரை நான் படித்தவரை எங்கும் பார்த்ததில்லை. இந்த விஷயத்தில் அதற்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அது தவறான பெயர் என்பதுதான் சிக்கல்.

மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, செத்தவரின் மனைவி, அந்தச் சித்தாள் பெண், என் வீட்டுக்கு வந்தாள். குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் விசாரித்துத் திரிவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். சைட்டண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். எதற்கு என்று நான் கேட்கும் முன் அவளே சொன்னாள். அவள் தம்பி அதே மேஸ்திரியின் குழுவில் முட்டு அடிக்கிற வேலையில் இருக்கிறான். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. இப்போது மேட்டுப்பாளையம் சாலையில், அதே பொறியாளரிடம், ஒரு கடைக் கட்டடம். அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ முட்டு எடுக்கப் போகிறார்கள்.

“ஆரு பேச்சைக் கேட்டு அன்னைக்கு எடுத்தாங்கன்னு தெரிஞ்சாத்தானுங்க, எந்தம்பிய அவிங்களுக்குக் கீழ நிக்க உடலாமா வேண்டாமான்னு நான் முடிவு பண்ண முடியும்.”

சைட்டண்ணன் எங்களைக் கண்டதும் எழுந்து வந்து அவள் காலில் விழப்போனார். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

“காலெல்லாம் வேண்டாமுங்கண்ணா. முட்டு எடுக்கச் சொன்னது ஆருன்னு சொல்லுங்க.”

“நாந்தான் அம்மணி. எம்மேல—”

“நீங்க அன்னைக்குக் காலைல பொள்ளாச்சிக்குப் போயிட்டீங்க. எனக்குத் தெரியும். ஆருன்னு சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார்.  உள்ளே அவர் மனைவி மிக்ஸியை நிறுத்திவிட்டாள். நெஞ்சுக்கு எடுத்துப் போன கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாது அம்மணி” என்றார் கடைசியில். “நான் ஆரையும் கேக்கவே இல்லை.”

பிறகு அவராகவே பேசினார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. மத்தியானம் தேங்காய் இறக்கும்போது நடுவில் முட்டு இல்லாததைப் பார்த்தாராம். ஒரு நிமிஷம் நின்றாராம். “ஆரோ சொல்லித்தான எடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். போய்க் கேட்டா அவிங்க மனசு சங்கடப்படும். ஏதாச்சும் ஆச்சுன்னா எம்மேல எழுதிக்கலாம்னு உட்டுட்டுத் தாழ்ப்பாள் வாங்கப் போயிட்டேன்.”

 அந்தப் பெண் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அப்ப உங்க மேல எழுதினதும் பொய்யில்லீங்க” என்றாள். “ஆனா நீங்க சொன்ன காரணம் வேற. வாங்க, போலாம்.”

மூவரும் பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் சாலைக்குப் போனோம். கடைக் கட்டடத்தின் முன்னால், நடைபாதைக்கு மேல் நீண்ட ஒரு புதுத் தளம். அடியில் வரிசையாக முட்டுகள். நாளைக்கோ மறுநாளோ என்றிருந்த வேலையை அன்றைக்கே ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் தம்பி தளத்துக்குக் கீழே கையில் சுத்தியுடன் நின்றிருந்தார். சைட்டண்ணனைப் பார்த்ததும் மேஸ்திரிக்கு முகம் மலர்ந்தது.

“வாங்கண்ணா. அண்ணன் வந்துட்டாரு, இனி என்ன. எல்லாத்தையும் அவரு மேல எழுதிக்கலாம்.”

ஆட்கள் சிரித்தார்கள். பழைய சிரிப்புத்தான். சைட்டண்ணன் சிரிக்கவில்லை.

“ஏனுங்க மேஸ்திரி, இன்னைக்கு எடுக்கச் சொன்னது ஆருங்க?”

“இஞ்சினியரு சொல்லியிருப்பாருங்க.”

“சொன்னாருங்களா? நீங்க காதுல கேட்டீங்களா?”

மேஸ்திரி சிரிப்பைக் குறைத்துக்கொண்டு போன் போட்டார். ஸ்பீக்கரில் பொறியாளரின் குரல் வந்தது. மேஸ்திரிக்குத் தெரியாததா, அவர் பார்த்துச் செய்வார் என்றது. போன் நின்றது. மேஸ்திரி சைட்டண்ணனைப் பார்த்து, கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் நீங்களே ஏற்றுக்கொண்டீர்களே, இப்போது எதற்கு வந்து இதையெல்லாம் கிளறுகிறீர்கள் என்றார்.  சைட்டண்ணனின் பழைய நல்ல குணமே அவருக்கு எதிரில் நின்று கேட்டது.

அந்தப் பெண் தம்பியைக் கூப்பிட்டாள். “வெளிய வா கண்ணு.”

“அக்கா, சும்மா இரு. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். சுத்திய வெச்சுப்போட்டு வெளிய வா.”

தம்பி மேஸ்திரியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். சுத்தியைக் கீழே வைத்தார். கூட இருந்த மற்றவர்களும் கையை எடுத்துக்கொண்டார்கள். வேலை நின்றது. சாலையில் பஸ்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

அந்தக் குழுவில் தம்பிக்கு அதற்குப் பிறகு வேலை இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல நாள் வீட்டில் இருந்துவிட்டு வேறு இடம் தேடிக்கொண்டார். அக்காவோடு கொஞ்ச நாள் பேசவும் இல்லை. அந்தக் கடைத் தளத்தின் முட்டுகள் அந்த மாதக் கடைசியில் எடுக்கப்பட்டன. தளம் நிற்கிறது. அன்றே எடுத்திருந்தாலும் நின்றிருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது. இவை எல்லாம் பிறகு நடந்தவை.

அன்றைக்கு மேஸ்திரிக்கு முகம் கறுத்துவிட்டது. “ஏனம்மணி, வேலைய நிறுத்திப்போட்டா ஓனரு போன் பண்ணி என்னையத்தான் கேப்பாரு. ஆரு பதில் சொல்றது?”

 சைட்டண்ணனின் வலது கை மேலே எழுந்தது. உள்ளங்கை நெஞ்சுக்கு நேரே வந்துவிட்டது. வாயும் திறந்துவிட்டது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள்.

“வேண்டாமுங்கண்ணா” என்றாள். “நிறுத்துனது நீங்க இல்லை. நாந்தான். போர்டிகோ உழுந்து செத்தவரோட சம்சாரம், சத்தியமங்கலத்துக்காரி. கேட்டாங்கன்னா அப்படியே சொல்லுங்க.”

அவர் கையை இறக்கிக்கொள்ள நேரம் பிடித்தது. அதற்குள் மேஸ்திரியின் போன் அடித்தது. கடைக் கட்டடத்தின் ஓனர்தான், அதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மேஸ்திரி அதை எடுக்காமல் சைட்டண்ணனிடம் நீட்டினார், எப்போதும் நீட்டுகிற மாதிரி. அவர் வாங்கிக் காதில் வைத்தார். வேலையை நிறுத்தியது யார் என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும்.

“நானில்லீங்க” என்றார்.  மறுபடியும் சொன்னார். “நானில்லீங்க. நிறுத்துனது அந்த அம்மணிங்க. பக்கத்துலதான் நிக்குது. ஏன்னு அதுகிட்டயே கேளுங்க.”

போனை அவளிடம் கொடுத்தார்.